பிரிஜெட் கறி சாப்பிடாத எட்டு வருஷம்

ஜோகுபாளையத்தில் பிரிஜெட்டைத் தெரியாத ஆள் கிடையாது. அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது ஒன்றுதான்: "அய்யோ, அவளா? ரொம்பக் கஞ்சம்பா!" சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அவரவர் வாய். சோப்பு தேய்ந்து வில்லையானதும் அதைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டி, அதையும் தீர்த்துவிட்டுத்தான் விடுவாள் என்பது உண்மை. அல்சூர் மார்க்கெட்டில் கடைக்காரர்கள் சாக்கை உதறுகிற நேரம் பார்த்துப் போய், வதங்கிய கீரையும் அடிபட்ட தக்காளியும் பாதி விலைக்கு வாங்கி வருவாள் என்பதும் உண்மை. ரேஷன் பாமாயிலில்தான் தாளிப்பு. வெல்லம் போட்டுத்தான் காபி. பழைய சேலைகளை அடுக்கித் தைத்ததுதான் போர்வை. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் சுட்டால்கூடப் பக்கத்து வீட்டுத் தட்டில் எண்ணித்தான் வைப்பாள். அதெல்லாம் சரி, ஏன் இப்படி இருக்கிறாள் என்று ஒருத்தராவது கேட்டார்களா?

கடன். அதுவும் அவள் உடம்புக்காக வாங்கிய கடன். தொண்ணூற்று நாலில் பிரிஜெட்டுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. இரண்டு நாள் தாண்டினால் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் ஆம்ப்ரோஸுக்குப் பொம்மசந்திராவில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. சம்பளம் கைக்கும் வாய்க்குமாக இருந்த காலம். ஓடிப்போய் எத்திராஜ் நாயுடுவின் காலில் விழுந்து நாற்பதாயிரம் வாங்கி வந்து கட்டினான். எத்திராஜ் நாயுடு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் மரக்கடை வைத்திருந்த பெரிய மனிதர். மாசம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. ஈடு எதுவும் கேட்கவில்லை, வாய் வார்த்தைதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரிஜெட் செய்த முதல் காரியம் ஆட்டோ பிடித்துச் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போனது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதா எதிரில் முட்டி போட்டு நேர்ந்துகொண்டாள். "தாயே, என்னால வந்த கடன் இது. இது தீர்ற வரைக்கும் நான் கறி, மீன், முட்டை எதுவும் வாயில வைக்க மாட்டேன். தீர்ந்ததும் உன் திருவிழாவுக்குக் காவிச் சேலை கட்டிக்கிட்டு, செருப்பில்லாம நடந்து வந்து நன்றி சொல்றேன்." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் வீட்டுக்கு வீடு கறி வேகிற குடும்பத்தில் பிறந்தவள் இப்படி நேர்ந்துகொள்வதென்றால் விளையாட்டா? அவள் அப்பா சிவாஜிநகரில் கறிக்கடைக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாங்குகிற ஆள். கறி வாசனை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

புருஷனுக்கும் மகளுக்கும் வாரம் தவறாமல் ஆக்கிப் போட்டாள். உப்பு சரியா என்று மகள் ஜெசிந்தாதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் இவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்வாள். ஆம்ப்ரோஸ் எலும்பைக் கடித்தபடி, "எதுக்குடி இந்த வேண்டாத வேலை, மாதாவா உன்ன கறி துன்னாதன்னு சொன்னாங்க?" என்று ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

மாசா மாசம் ஏழாம் தேதி ஆம்ப்ரோஸ் சம்பளக் கவரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பான். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். கவரைப் பிரித்து வாடகை, ரேஷன், பால் என்று பிரிஜெட் எடுத்து வைத்துக்கொண்டு, கடனுக்கு ஆயிரத்து ஐந்நூறு எண்ணித் திருப்பி அவன் கையிலேயே கொடுப்பாள். அவள் சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குச்சு கட்டி, கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்காரர்களிடம் வாங்குகிற கூலியும் அதில்தான் சேரும். அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போவான். திரும்பி வரும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான்.

"எவ்ளோங்க கொறைஞ்சிருக்கு?"

"வட்டிக்கே சரியாப் போவுது, பிரிஜிட்டு. அசல் அப்படியே நிக்குது."

 தன்னால்தானே என்று பிரிஜெட்டுக்கு இருக்கும். அடுத்த மாசம் பால் கால் லிட்டர் குறையும். நல்ல கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவள் மறந்துபோனதும் அப்படி ஒரு மாசத்தில்தான். குச்சு கட்டும்போது கண்ணில் நீர் வடியும், புறங்கையால் துடைத்துக்கொண்டு கட்டுவாள்.

இன்னொன்றும் ஆம்ப்ரோஸ் சொல்லி வைத்திருந்தான். "நாயுடு கடை பக்கமா நீ போவாத. அவரு ஒரு மாதிரி. கடன் வாங்கனவங்களப் பாத்தா நாலு பேர் எதிர்ல நிக்க வெச்சி கேட்டுடுவாரு. பொம்பளை நீ, எதுக்கு அசிங்கம்?" பிரிஜெட் அதைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்புக்கு மரக்கடை வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவளோ மோரிச் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நாறுகிற பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். மழை பெய்தால் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அந்தச் சாக்கடை நீரில் நடப்பாள். எப்போதாவது எத்திராஜ் எதிரில் வந்துவிட்டால் தலையைக் குனிந்து முக்காட்டை இழுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சந்தில் நுழைந்துவிடுவாள். கடன் பட்டவள் கடன் கொடுத்தவர் எதிரில் நிமிர்ந்து நடக்கலாமா? அவளை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு ஒரே தங்கை, ஆஞ்சலா. லிங்கராஜபுரத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு. அவள் புருஷன் துபாய்க்குப் போனவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட ஆயா சம்பளத்தில் தனியாக அல்லாடுகிறாள் என்று பிரிஜெட்டுக்கு அவள் மேல் நிஜமான பாசம். தன் வீட்டில் எதை எண்ணி வைத்தாலும் ஆஞ்சலாவின் பிள்ளைகள் வந்தால் மட்டும் எண்ண மாட்டாள். இரண்டாயிரத்தில் அந்த ஆஞ்சலா வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டி முடித்து, ஃபாதரைக் கூப்பிட்டு வீடு மந்திரித்தாள். எப்படி அண்ணி கட்டினேன்னு கேக்காதீங்க, எல்லாம் ஆண்டவர் செயல் என்றாள். பிரிஜெட் கேட்கவே இல்லை. மூன்று மாசக் குச்சுக் காசில் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

அன்று மட்டன் பிரியாணி. வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. எல்லாரும் பந்தியில் உட்கார, பிரிஜெட் மட்டும் ஓரமாகத் தயிர்சாதம் சாப்பிட்டாள். ஆஞ்சலா தட்டோடு வந்து குனிந்து, "அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடுங்க அண்ணி. மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி கம்மிப் போயிருந்தது. "கடன் தீரட்டும்மா, உன் கையாலயே சாப்பிடறேன்" என்றாள் பிரிஜெட். ஆஞ்சலா தட்டை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். எவ்வளவு பிரியம் பார் என்று பிரிஜெட் நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே, பாவி!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெசிந்தா விஷயம்தான் பொறுக்க முடியாதது. தொண்ணூற்று எட்டில் அந்தப் பெண் பியுசி நல்ல மார்க்கில் தேறினாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது தலைமாட்டில் நின்ற ஒரு நர்ஸைப் பார்த்து வந்த ஆசை அது. நர்சிங் ஸ்கூலில் இடமும் கிடைத்தது. ஃபீஸ் கட்ட வேண்டும். ஆம்ப்ரோஸ் மகளிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. பிரிஜெட்டை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "கடன இப்படி வெச்சிக்கிட்டு படிப்பா? நீயே அவகிட்ட பக்குவமா சொல்லு" என்றான்.

பிரிஜெட்தான் சொன்னாள். மகள் தலையைத் தடவிக்கொடுத்து, "என் ஒடம்பால வந்த கடன்டி கண்ணு. இது தீர்ந்ததும் முதல் வேலை உன் படிப்புதான். மாதா மேல சத்தியம்" என்றாள். ஜெசிந்தா ஒரு நாள் முழுக்க அழுதாள். அடுத்த வாரம் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். சட்டைக்குக் காலர் தைக்கிற லைனில் நாள் முழுக்க உட்கார வேண்டும். அவள் சம்பளத்திலும் பாதியைப் பிரிஜெட் வாங்கி ஆம்ப்ரோஸ் கையில் கொடுத்தாள். மகள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நாலு வருஷம்.

இரண்டாயிரத்து இரண்டு ஆகஸ்ட் ஏழாம் தேதி ஆம்ப்ரோஸ் நாயுடு கடைக்குப் போய்விட்டு வந்தான். வழக்கம்போல முகம் தொங்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இந்த மாசத்தோட முடிஞ்சிடுச்சி, பிரிஜிட்டு" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த ஊசியையும் நூலையும் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெசிந்தா வேலையிலிருந்து வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை அழுதாள். மறுநாளே ஜெசிந்தா லீவு போட்டுவிட்டு நர்சிங் ஸ்கூலுக்குப் போய் ஃபாரம் வாங்கி வந்துவிட்டாள். வயசு தாண்டவில்லையாம், செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முன்பணத்தோடு கொடுக்க வேண்டுமாம். இனிமேல் மாசா மாசம் மிச்சப்படுகிற பணம் எல்லாம் அந்தப் படிப்புக்குத்தான் என்று அம்மாவும் மகளும் பேசிப் பேசி மாய்ந்துபோனார்கள். ஆம்ப்ரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் கணக்கும் அன்றோடு சரியாக முடிந்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தை அவன் மறந்துவிட்டான். கடன் வாங்கும்போது காலில் விழுந்தவர்கள், அது தீர்ந்ததும் வெற்றிலைப் பாக்கு, பழத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருவதுதான் முறை. அவன் அதைச் செய்யாவிட்டாலும் பிரிஜெட்டால் செய்யாமல் இருக்க முடியுமா? அவள் உயிர் நின்றது அந்த மனுஷன் பணத்தில்.

மாதா கோயிலில் கொடியேற்றம் முடிந்த சனிக்கிழமை. ஆம்ப்ரோஸ் வேலைக்குப் போயிருந்தான். பிரிஜெட் ஒரு தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலைப் பாக்கு, ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் எல்லாம் வைத்து, மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு, மெயின் ரோட்டு வழியாகவே நிமிர்ந்து நடந்து மரக்கடைக்குப் போனாள். எட்டு வருஷத்தில் அந்த ரோட்டில் அவள் நடந்தது அன்றைக்குத்தான்.

எத்திராஜ் நாயுடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "யாரு? ஆம்ப்ரோஸ் வீட்டம்மாவா? வாம்மா, வா. கூத்கோ" என்று ஸ்டூலைக் காட்டினார். "என்னா இது, இந்தப் பக்கம் காத்து அடிக்குது?"

பிரிஜெட் உட்காரவில்லை. தட்டை அவர் மேஜை மேல் வைத்துக் கைகூப்பினாள். "அண்ணா, இந்த மாசத்தோட முடிஞ்சிடுச்சின்னு அவர் சொன்னாரு. நான் உசுரோட நிக்கறதே உங்களாலதான். நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான்..."

"எதும்மா முடிஞ்சிடுச்சி?"

"கடன்தாண்ணா."

எத்திராஜ் சிரித்தார். "தமாஷா பண்றே? அது தீர்ந்து ஆறு வருஷமாச்சேம்மா! தொண்ணூத்தாறு தீவாளிக்கு முன்னாடியே ஆம்ப்ரோஸ் வந்து மிச்ச அசலு, வட்டி எல்லாம் ஒரே கட்டா வெச்சிட்டுப் போயிட்டானே. கம்பெனியில அரியர்ஸ் வந்துதுன்னு சொன்னான். நான்கூட வட்டியில கொஞ்சம் தள்ளிக் குடுத்தேன், புள்ளைக்கி துணி எடுத்துக் குடுடான்னு."

மரம் அறுக்கிற மெஷின் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. பிரிஜெட் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் அரியர்ஸ் வந்ததா என்று கேட்டதற்கு, யூனியன்காரங்க கோட்டை விட்டுட்டாங்க என்று ஆம்ப்ரோஸ் சொன்னது அவள் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் தீபாவளிக்கு ஜெசிந்தாவுக்குப் புதுத் துணி இல்லை. மற்ற பிள்ளைகள் பட்டாசு வெடிக்கிறதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்திராஜ் விடவில்லை. "நெஜத்த சொல்றேன், எனக்கு உம்மேல வருத்தம்தாம்மா. பணம் வாங்கறப்போ உம்புருஷன் கண்ணுல தண்ணி. கணக்கு தீர்ந்த பொறவு என்னைப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கினு சந்துல பூந்துடுவே. சரி, காரியம் ஆயிடுச்சி, இனிமே இவன் எதுக்குன்னு நெனச்சிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். இன்னிக்காவது வந்தியே."

என்ன சொல்லியிருக்க வேண்டும் அவள்? அய்யா, எனக்குத் தெரியாது, என் புருஷன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். கடையில் நாலு ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரிஜெட் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டு, "ஆமாண்ணா, எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சி. அப்பவே வந்திருக்கணும்" என்றாள். அப்போதும் அவள் காப்பாற்றியது அவன் மானத்தைத்தான், பைத்தியக்காரி.

திரும்பி வரும் வழியில்தான் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கியது. பணம் எங்கே போயிருக்கும் என்று அவள் ரொம்ப யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குடிக்காத, சீட்டாடாத மனுஷன். வெறும் பள்ளிக்கூட ஆயா சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாடி கட்டிய தங்கை. பிரியாணித் தட்டோடு குனிந்து, இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடுங்க அண்ணி என்று கம்மிய குரல். அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தயிர்சாதத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொடியேறியபின் திருவிழாவுக்கு முந்தி வருகிற ஞாயிறு ஆஞ்சலா பிள்ளைகளோடு பூசைக்கு வந்து, மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். பிரிஜெட் விடியற்காலைப் பூசைக்கே போய்விட்டு, வழியில் ஆட்டுக்கறி வாங்கி வந்தாள். பேரம் பேசவில்லை. ரேஷன் எண்ணெயைத் தொடாமல் நல்ல எண்ணெய் ஊற்றி, இஞ்சி பூண்டு கைநிறைய அரைத்துப் போட்டு ஆக்கினாள். ஜெசிந்தா உப்புப் பார்க்க வந்தபோது, "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எல்லாருக்கும் பரிமாறினாள். ஆஞ்சலாவின் பிள்ளைகள் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு விளையாட ஓடின. பிறகு பிரிஜெட் தனக்கும் ஒரு தட்டை எடுத்து, கறியைப் போட்டுக்கொண்டு புருஷன் எதிரில் உட்கார்ந்தாள்.

ஆம்ப்ரோஸின் கை நின்றது. "என்னா பிரிஜிட்டு, நேர்ந்துக்கிட்டது? திருவிழாவுக்கு நடந்துட்டு வந்துதான் சாப்புடுவேன்னியே?"

"கடன் தீர்ந்துடுச்சிங்க."

"அது சரி, இருந்தாலும்..."

"தொண்ணூத்தாறுலயே தீர்ந்துடுச்சாம். நாயுடு சொன்னாரு."

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆஞ்சலா தலையைத் தூக்கவே இல்லை. பிரிஜெட் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். எட்டு வருஷம் கனவில்கூட வந்த ருசி அது. மென்றாள். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பின்பக்கம் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பாரு, கறிகூட எனக்கு இல்லாம பண்ணிட்டே நீ" என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் புருஷனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆஞ்சலா நெலமை உனக்கே தெரியும்" என்றான் ஆம்ப்ரோஸ். "அவன் விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு புள்ளைங்க. மேல ஒரு வீடு இருந்தா வாடகை வரும், பொழச்சிக்குவா. கட்டின பாக்கி இந்த மாசம் வரைக்கும் இழுத்துது. நான் அண்ணன், நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க? தப்புதான். சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"கேட்டுப் பாத்தியா?" பிரிஜெட் கத்திவிட்டாள். "ஒரு வாட்டி கேட்டுப் பாத்தியா என்னை? அவ புள்ளைங்க என் புள்ளைங்க இல்லியா? பாதி அவளுக்கு, பாதி ஜெசிந்தாவுக்குன்னு சொல்லியிருப்பேனே! என்னைப் பட்டினி போட்டாத்தான் உன் தங்கச்சிக்கி மாடி எழும்புமா?"

ஆம்ப்ரோஸ் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "தங்கச்சிக்கின்னு சொன்னா நீ கணக்கு கேப்பே. கடன்னு சொன்னா கேக்க மாட்டே."

அந்த வார்த்தைதான் பிரிஜெட்டை வெட்டிப் போட்டது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் குற்ற உணர்ச்சியை மாசா மாசம் எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

ஆஞ்சலா அழ ஆரம்பித்தாள். "நான் கேக்கல அண்ணி, அண்ணாதான் குடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னுதான் முதல்ல நெனச்சேன். தெரியாதுன்னு தெரிஞ்சப்போ பாதி கட்டிடம் ஏறிடுச்சி."

"இப்போ மேல் வீட்டு வாடகைய ஒரு ரெண்டு வருஷம் ஜெசிந்தா படிப்புக்குக் குடு" என்றாள் பிரிஜெட்.

ஆஞ்சலாவின் அழுகை சட்டென்று நின்றது. "அது எப்படி அண்ணி? பெரியவனுக்கு இப்பத்தான் காலேஜ்ல கட்டினேன்."

 ஜெசிந்தா எழுந்து கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்து, "என் சம்பளமும் அங்கதான் போச்சா, டாடி?" என்று கேட்டாள். ஆம்ப்ரோஸ் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கறி சட்டியிலேயே ஆறிப்போனது. சாயங்காலம் பிரிஜெட் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். கஞ்சம் பிரிஜெட் வீட்டிலிருந்து ஒரு சட்டி கறி வந்தால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

திங்கட்கிழமை காலை ஜெசிந்தாவை வேன் ஏற்றிவிட பிரிஜெட்டும் கூட நடந்தாள். கார்மெண்ட்ஸ் வேன் மரக்கடைக்குச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். ஜெசிந்தா பழக்கத்தில் பின்சந்துப் பக்கம் திரும்பினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அம்மாவோடு அதில்தானே போய் வந்திருக்கிறாள்! "இந்தப் பக்கமா வா, இனிமே எதுக்கு அது?" என்று பிரிஜெட் அவள் கையைப் பிடித்து மெயின் ரோட்டுக்குக் கூட்டி வந்தாள்.

போகும் வழியில் சொன்னாள். "ஃபாரத்த நிரப்பி வை. முன்பணத்துக்கு என் தாலிக் கொடிய சேட்டு கடையில வெச்சிடறேன். இனிமே உன் சம்பளம் உன்கிட்டயே இருக்கட்டும். அவர் கவரும் என் கையிலதான். மீதி எப்படி கட்டறதுன்னு நான் பாத்துக்கறேன். நம்புடி என்னை."

ஜெசிந்தா நேற்றிலிருந்து அப்போதுதான் அம்மா முகத்தைப் பார்த்தாள். மகளின் கண் கலங்கியிருந்தது. "சரி மம்மி" என்றாள். அம்மா பிடித்திருந்த கையை விடுவிக்காமலே நடந்தாள். அது போதும் என்று பிரிஜெட்டுக்கு இருந்தது. புருஷன் போனால் போகட்டும், மகள் இருக்கிறாள்.

மரக்கடை வாசலில் எத்திராஜ் நாயுடு பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். மனதில் வஞ்சகம் இல்லாத மனுஷன்.

"என்னம்மா, ரெண்டு பேரும் இந்தப் பக்கமா! மவளா? நல்லா வளந்துட்டா." ஜெசிந்தாவைப் பார்த்து, "உங்கம்மாவப் பாத்தியா கண்ணு? கடன் தீர்ந்து ஆறு வருஷங்கழிச்சி பழத்தட்டு தூக்கினு வருது! கேட்டா, ஆமாண்ணா, ஞாபகம் பிசகிப்போச்சி, அப்பவே வந்திருக்கணும்னு சொல்லுது. நல்ல ஞாபகம்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

பிரிஜெட் கையிலிருந்து மகளின் கை நழுவியது.

கொஞ்ச தூரம் போனதும் ஜெசிந்தா நின்றாள். "ஞாபகம் பிசகிப்போச்சா?"

"இல்லடி. கடையில ஆளுங்க நின்னாங்க. உங்கப்பா மானம் போயிடுமேன்னு அப்படி சொன்னேன்."

"மம்மி, நெஜமா சொல்லு. உனக்குத் தெரியாதா? நாலு வருஷம் என் சம்பளத்த நீதானே கையில வாங்கினே. நீதானே என்னைப் படிக்க வேணாம்னு சொன்னே. டாடி ஒரு வார்த்தை சொல்லல. எல்லாம் நீதான் சொன்னே."

மாதா மேல சத்தியமா தெரியாதுடி என்று சொல்லத்தான் பிரிஜெட் கையைத் தூக்கினாள். இதே மாதா மேல் இதே பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

வேன் வந்து ஹாரன் அடித்தது. ஜெசிந்தா ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வேன் கிளம்பி அல்சூர் பக்கம் திரும்பும் வரைக்கும் பிரிஜெட் அங்கேயே நின்றாள். பிறகு வீட்டுக்குத் திரும்பினாள், பின்சந்து வழியாக.